கட்டற்ற வடிவமைப்பு மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது எப்படி? கொங்கு நாட்டு டிசைனர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திருப்பூரில் ஒரு டீ-சர்ட்டின் மார்பில் ஏறும் படம், துணியைத் தொடுவதற்கு முன் பல கைகள் மாறிவிடுகிறது. பையர் (ஆர்டர் கொடுப்பவர்) அனுப்பியதை மெர்ச்சண்டைசர் (ஆர்டரைக் கவனிக்கும் ஊழியர்) டிசைனரிடம் கொடுப்பார். டிசைனர் நிறம் பிரித்து பிலிம் போட அனுப்புவார். பிரிண்டிங் பட்டறையில் ஸ்கிரீன் எக்ஸ்போஸ் ஆகும். அதே படத்தின் ஒரு மூலை எம்பிராய்டரிக்குப் போனால், பஞ்சிங் (படத்தைத் தையலாக மாற்றும் வேலை) போடுகிறவர் வேறொரு மென்பொருளில் அதை மறுபடியும் வரைவார். இவர்களில் யாரிடம் கேட்டாலும் “எந்த மென்பொருள் நல்லது?” என்பதற்கு உடனே ஒரு பெயரைச் சொல்வார்கள். அந்தக் கேள்வியை நான் இரண்டாவதாக வைக்கிறேன். முதலில் கேட்க வேண்டியது வேறு: சந்தா நின்றுவிட்டால், கணக்கு முடங்கினால், நிறுவனம் விதியை மாற்றினால், மூன்று வருடத்துக்கு முந்தைய வேலை திறக்குமா? ரிப்பீட் ஆர்டரை நம்பிப் பிழைக்கும் ஊரில் இது தத்துவக் கேள்வி இல்லை, பிழைப்புக் கேள்வி.

கொங்கு நாட்டுக்காரர்களுக்குச் சொந்தத் தறிக்கும் கூலித் தறிக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை. சந்தா மென்பொருள் கூலித் தறியைவிடவும் ஒரு படி மோசம். தறியோடு சேர்த்து நெய்த துணியும் பூட்டுக்குள் போய்விடுகிறது.

கோவையில் பத்திரிகை அடிக்கும் டி.டி.பி. கடை, ஈரோட்டில் பிளெக்ஸ் போடும் இடம், திருப்பூர் டிசைன் அறை, கரூர் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதியாளரின் சாம்பிள் பிரிவு, சென்னிமலை, பவானி பக்கம் தறிக்கு டிசைன் போடுகிறவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

படி 1: கடைசி இடத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள்

மென்பொருளை இறக்குவதற்கு முன், உங்கள் வேலை கடைசியாக எங்கே போய்ச் சேர்கிறது என்று எழுதுங்கள். பிளெக்ஸ் இயந்திரமா, ஆப்செட் பிளேட்டா, ஸ்கிரீன் பிலிமா, எம்பிராய்டரி இயந்திரமா, யூடியூபா? அந்த இடத்தில் இருப்பவர் எந்த வடிவத்தில் ஃபைல் வாங்குகிறார் என்று நேரில் கேளுங்கள். “சி.டி.ஆர். மட்டும்தான் வேண்டுமுங்க” (கோரல்டிராவின் ஃபைல் வடிவம் அது) என்று முதல் வாயில் சொல்பவரிடம், “எழுத்தை அவுட்லைனாக மாற்றிய பி.டி.எஃப். கொடுத்தால் ஆகுமா?” என்று இரண்டாவது தடவை கேட்டால் பெரும்பாலும் ஆகும் என்பார். பிளெக்ஸ் கடையில் டிஃப் அல்லது ஜேபெக் போதும். எம்பிராய்டரியில் டி.எஸ்.டி. என்ற தையல் ஃபைல் வேண்டும்.

இந்தப் பட்டியல் கையில் இருந்தால் பாதித் தேர்வு முடிந்தது. கடைசி இடத்துக்குத் தேவையான வடிவத்தைக் கொடுக்கிற எந்த மென்பொருளும் உங்களுக்குப் போதும். அங்கே போய்ச் சேராத ஆயிரம் வசதிகள் விளம்பரத்துக்குத்தான் அழகு.

படி 2: உரிமத்தைப் பாருங்கள்

கட்டற்ற மென்பொருள் என்றால் நான்கு உரிமைகள்: எந்த நோக்கத்துக்கும் ஓட்டலாம், உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று படித்து மாற்றலாம், நகல் எடுத்துக் கொடுக்கலாம், மாற்றிய வடிவத்தையும் கொடுக்கலாம். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனு திட்டத்திலும், 1985இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையிலும் இதன் வேர் இருக்கிறது. மென்பொருளின் உதவிப் பட்டியலில் ‘பற்றி’ என்ற பகுதியைத் திறந்தால் உரிமத்தின் பெயர் தெரியும். ஜி.பி.எல்., எம்.பி.எல்., அப்பாச்சி, எம்.ஐ.டி. என்று இருந்தால் கவலையில்லை. பக்கம் பக்கமாக ‘பயனர் ஒப்பந்தம்’ என்று ஓடினால் உஷாராகுங்கள்.

காசு வாங்கவில்லை என்பதால் மட்டும் ஒன்று கட்டற்றதாகிவிடாது. டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ மென்பொருளின் இலவசப் பதிப்பு அருமையான கருவிதான், ஆனால் மூலநிரல் பூட்டியே இருக்கிறது. அஃபினிட்டி என்ற வடிவமைப்பு மென்பொருளை 2024இல் கேன்வா நிறுவனம் வாங்கியது. 2025இல் இலவசமாக்கியது, கூடவே கேன்வா கணக்கு வேண்டும் என்ற நிபந்தனையும் வந்தது. நாளைக்கு நிபந்தனை மாறினால் கேட்பதற்கு உங்களிடம் எந்தப் பிடியும் இல்லை. மறுபக்கம், கிரிட்டா என்ற ஓவிய மென்பொருள் ஸ்டீம் என்ற இணையக் கடையில் விலைக்கு விற்கப்படுகிறது. அதே கிரிட்டா அவர்களுடைய தளத்தில் காசில்லாமலும் கிடைக்கிறது. உரிமம் இரண்டுக்கும் ஜி.பி.எல்.தான்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். நம் ஊர் டி.டி.பி. கடைகளில் பாதிக்கு மேல் ஓடுவது கிராக் போட்ட மென்பொருள் என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். சட்டத்தை விடுங்கள், கிராக் ஃபைலோடு வைரஸும் வரும், கடைசியில் வட்டு முழுவதும் பூட்டப்பட்டு மீட்புப் பணம் கேட்கும் செய்தி திரையில் நிற்கும். ஏற்றுமதி நிறுவனத்துக்கு வேலை செய்பவர் இந்த ஆபத்தை எடுப்பதில் எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை.

படி 3: வேலைக்கு ஏற்ற கருவி

போட்டோ திருத்தத்துக்கு ஜிம்ப். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இரண்டு மாணவர்கள் 1995இல் தொடங்கியது. 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில், போட்ட எஃபெக்டைப் பிறகு திறந்து மாற்ற முடிகிறது. ஜிம்பில் ‘சேவ்’ கொடுத்தால் அதன் சொந்த வடிவத்தில் மட்டுமே சேமிக்கும். ஜேபெக் வேண்டுமென்றால் ‘எக்ஸ்போர்ட்’. புதிதாக வருபவர்கள் முதலில் திட்டுவது இதைத்தான்.

லோகோ, பத்திரிகை வடிவம், டீ-சர்ட் கிராஃபிக் ஆகியவற்றுக்கு இங்க்ஸ்கேப். 2003இல் பிறந்தது, எஸ்.வி.ஜி. என்ற பொது வடிவத்திலேயே சேமிக்கிறது. கையால் வரைய, வண்ணம் தீட்ட கிரிட்டா. பக்க வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ். வீடியோவுக்குக் கேடென்லைவ் அல்லது ஷாட்கட். கல்யாண வீடியோ வெட்ட இவை போதும். ரா போட்டோவுக்கு (கேமரா பதப்படுத்தாமல் பதியும் படம்) டார்க்டேபிள். ஒலிக்கு ஆடாசிட்டி. முப்பரிமாணத்துக்கு பிளெண்டர், இதைப் பற்றி நான் விளம்பரம் செய்ய வேண்டியதில்லை, முழுக்க பிளெண்டரில் செய்த லாட்வியா நாட்டுப் படம் ஒன்று 2025இல் ஆஸ்கரே வாங்கிவிட்டது. ஆனால் பழைய கிராஃபிக்ஸ் அட்டையில் பிளெண்டரின் புதிய பதிப்புகள் ஓடாது. முதலில் அதைச் சரிபாருங்கள்.

நம் ஊர்த் தொழிலுக்கு நெருக்கமான மூன்று வேலைகளைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

ஸ்கிரீன் பிரிண்டிங் நிறப் பிரிப்பு. இங்க்ஸ்கேப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு லேயர் போடுங்கள். லேயரின் பெயரிலேயே பான்டோன் (ஒவ்வொரு நிறத்துக்கும் எண் கொடுக்கும் முறை) எண்ணை எழுதுங்கள். எக்ஸ்டென்ஷன்ஸ் பட்டியலில் ரெண்டர், அதற்குள் லேயவுட், அதற்குள் பிரிண்டிங் மார்க்ஸ் என்று போனால், நிறங்களை ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருத்த உதவும் ரிஜிஸ்டர் குறிகள் வரும். பிறகு ஒவ்வொரு லேயரையும் தனியாக வைத்து, நிறத்தை முழுக் கறுப்பாக்கி பி.டி.எஃப். எடுங்கள். பான்டோன் நிறத் தொகுப்பு கட்டற்ற மென்பொருளில் சேர்ந்து வராது, ஏனென்றால் அது ஒரு நிறுவனத்தின் உடைமை. இது குறைதான். ஆனால் 2022 நவம்பரில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள்: தனிச் சந்தா கட்டாதவர்களுக்குப் பழைய ஃபோட்டோஷாப் ஃபைல்களில் பான்டோன் நிறம் இருந்த இடமெல்லாம் கறுப்பாகத் தெரிந்தது. லேயர் பெயரில் எழுதிய எண்ணை யாரும் கறுப்பாக்க முடியாது. பட்டறையில் மை கலக்குபவர் எப்படியும் கையில் இருக்கும் ஷேடு புத்தகத்தைப் பார்த்துத்தான் கலக்கப்போகிறார்.

எம்பிராய்டரி பஞ்சிங். இங்க்ஸ்கேப்புக்கு மேல் பொருத்தும் இங்க்ஸ்டிட்ச் என்ற கட்டற்ற எக்ஸ்டென்ஷன் டி.எஸ்.டி., பி.இ.எஸ். உட்படப் பல வடிவங்களில் தையல் ஃபைல் கொடுக்கிறது. வரைந்த உருவத்தைத் தேர்ந்தெடுத்து ‘பாராம்ஸ்’ திறந்தால் நிரப்புத் தையலின் கோணம், நெருக்கம், அண்டர்லே (அடியில் போடும் தையல்), புல் காம்பன்சேஷன் (துணி இழுபடுவதை ஈடுகட்டும் அளவு) எல்லாம் அங்கே இருக்கின்றன. பனியன் துணி இழுபடும் துணி. நெய்த துணிக்குச் சரியாக வந்த அதே ஃபைல் இதில் ஓரம் உள்வாங்கி, அவுட்லைனுக்கும் நிரப்புக்கும் நடுவே துணி எட்டிப்பார்க்கும். அதனால் அண்டர்லேயைப் போட்டு, புல் காம்பன்சேஷனைக் கொஞ்சம் கூட்டி, வேஸ்ட் துணியில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். டி.எஸ்.டி. வடிவத்தில் நூல் நிறம் சேமிக்கப்படுவதில்லை; எந்த இடத்தில் நிறம் மாற வேண்டும் என்பது மட்டும்தான் இருக்கும். இங்க்ஸ்டிட்ச் கொடுக்கும் நூல் வரிசைத் தாளை பி.டி.எஃப். ஆக எடுத்து ஃபைலோடு அனுப்பாவிட்டால் மயிலின் கழுத்து சிவப்பாக வந்து நிற்கும். விலை உயர்ந்த பஞ்சிங் மென்பொருள்களின் தானியங்கித் திறன் இதில் இல்லை. நாள் முழுக்க பஞ்சிங் மட்டுமே போடுகிறவருக்கு இது மெதுவாகத் தெரியும். லோகோவும் சிறு மோட்டிஃபும் போடுபவருக்குத் தாராளமாகப் போதும்.

ஜக்கார்டு (தறியில் பூவேலை நெய்யும் கருவி) கிராஃப். சென்னிமலை பெட்ஷீட், ஜமக்காளக் கரை போன்றவற்றுக்கு டிசைன் வரைய ஜிம்பே போதும். ஒரு பிக்சல் என்பது பாவும் (நீளவாட்டு இழை) ஊடையும் (குறுக்கு இழை) சந்திக்கும் ஒரு கட்டம். படத்தின் அகலத்தை, பாவு இழைகளைத் தூக்கும் கொக்கிகளின் எண்ணிக்கைக்குச் சமமாக வையுங்கள். மோடை இண்டெக்ஸ்டு ஆக்கி, நூல் நிறங்கள் எத்தனையோ அத்தனை நிறம் மட்டும் விடுங்கள். பிரஷ்ஷைத் தொடாதீர்கள், அதன் ஓரம் மங்கலாகும். பென்சில் கருவி மட்டும்தான். அளவு மாற்றும்போது இண்டர்போலேஷனை ‘நன்’ என்று வையுங்கள். அங்குலத்துக்குப் பாவு இழை ஒரு கணக்கு, ஊடை ஒரு கணக்கு என்பதால் திரையில் வட்டமாகத் தெரிவது துணியில் முட்டையாகும். இதற்கு, பிரிண்ட் சைஸில் கிடைமட்டத்துக்கும் செங்குத்துக்கும் தனித்தனி ரெசல்யூஷன் கொடுத்து, வியூ பட்டியலில் ‘டாட் ஃபார் டாட்’ குறியை எடுத்துவிடுங்கள்; துணியில் எப்படி வருமோ அப்படியே திரை காட்டும். அட்டை குத்தும் இடத்தில் பி.எம்.பி. வாங்குவார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: தமிழ் சரியாக வருகிறதா என்று சோதியுங்கள்

எந்த மென்பொருளை இறக்கினாலும் முதல் வேலையாக “கொ கோ கௌ ஸ்ரீ க்ஷ ஞொ மைனா” என்று ஒரு வரி தட்டுங்கள். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறதா, காலோடு சரியாகப் பிரிகிறதா, புள்ளி தனியே விழுகிறதா என்று பாருங்கள். ஜிம்ப், இங்க்ஸ்கேப் இரண்டும் இதில் தேறிவிடும். ஸ்கிரைபஸின் பழைய 1.4 வரிசை தமிழைக் குதறிவிடும். 2024 ஜனவரியில் வந்த 1.6 முதல் பிரச்சினை இல்லை. “ஸ்கிரைபஸில் தமிழ் வராது” என்று இன்னும் சொல்பவர்கள் பழைய பதிப்போடு நின்றுவிட்டவர்கள்.

எழுத்துரு விஷயம் மென்பொருளைவிடப் பெரிய தலைவலி. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த பத்திரிகையில் ‘அம்மா’ என்று கண்ணுக்குத் தெரிவது, உள்ளே ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியும்தான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அர்த்தமில்லாத ஆங்கிலம் கொட்டும், தேடவும் முடியாது. ஆக, கட்டற்ற மென்பொருளுக்கு மாறுவதற்கு முன்பே யூனிகோடுக்கு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) மாறுங்கள். தமிழ்நாடு அரசே 2010இல் யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. பழைய வாசகங்களை மாற்றிக் கொடுக்கும் கருவிகள் இணையத்தில் உண்டு. மாற்றிய பின் ஒரு தடவை மெய்ப்புப் பாருங்கள், குறிப்பாகக் கொம்பு வரும் இடங்களையும் பெயர்களையும். கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் தப்பினால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

யூனிகோடில் அழகான எழுத்துரு கிடைக்காது என்ற புகார் பத்து வருடத்துக்கு முன் நியாயமாக இருந்தது. இப்போது நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை, முக்த மலர், கட்டமரன், பவனம், கவிவனார், பலூ தம்பி, அனெக் தமிழ் என்று திறந்த உரிமத்தில் பல இருக்கின்றன. வணிக வேலைக்கும் பயன்படுத்தலாம், பி.டி.எஃப்.இல் பொதிக்கலாம், எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது, அவ்வளவுதான். கோவில் நோட்டீஸுக்கு வேண்டிய தடித்த, வளைந்த தலைப்பு எழுத்துகளில் இன்னும் பஞ்சம் இருப்பது உண்மை. தலைப்பை இங்க்ஸ்கேப்பில் கையால் வரைந்துகொள்வதுதான் இப்போதைக்கு வழி.

அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ கொடுத்து எழுத்தை உருவமாக்கிவிடுங்கள். எழுத்தாகவே இருக்கும் மூலத்தை வேறு பெயரில் பத்திரமாக வையுங்கள். முகூர்த்த நேரம் மாறினால் அதில்தான் திருத்த முடியும்.

படி 5: ஆப்செட்டுக்கு நிறம்

கட்டற்ற மென்பொருளின் மெலிந்த இடம் இதுதான், மறைத்துப் பயனில்லை. ஜிம்பில் சி.எம்.ஒய்.கே. (அச்சு மைகளின் நான்கு நிறம்) முன்னோட்டம் பார்க்கலாம், டிஃப், ஜேபெக் ஆக அதில் ஏற்றுமதியும் செய்யலாம். ஆனால் உள்ளே வேலை நடப்பது ஆர்.ஜி.பி.யில் (திரையின் சிவப்பு, பச்சை, நீலம்). இங்க்ஸ்கேப்பும் அப்படித்தான். இங்க்ஸ்கேப்பிலிருந்து நேராக பி.டி.எஃப். எடுத்து பிளேட்டுக்கு அனுப்பினால், பொடி எழுத்தின் கறுப்பு நான்கு மையாகப் பிரிந்துவிடும். பிளேட் ஒரு முடி விலகினாலும் எழுத்தைச் சுற்றிச் சிவப்பும் நீலமும் நிழலாடும்.

இதற்குத்தான் ஸ்கிரைபஸ். படங்களை ஜிம்பிலும் லோகோவை இங்க்ஸ்கேப்பிலும் முடித்து, ஸ்கிரைபஸ் பக்கத்தில் கொண்டுவந்து சேருங்கள். எழுத்து நிறத்தை சியான் 0, மெஜந்தா 0, மஞ்சள் 0, கறுப்பு 100 என்று நீங்களே அமையுங்கள். லோகோவின் நிறங்களையும் நிறப் பட்டியலில் திறந்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். பிறகு அச்சுக்கென்றே உள்ள பி.டி.எஃப்./எக்ஸ் ஆக எடுங்கள். ‘பிரிண்ட் பிரிவியூ’வில் ஒவ்வொரு மையாக அணைத்துப் பார்க்கலாம்; கறுப்பை மட்டும் அணைத்தால் எழுத்து முழுதாக மறைய வேண்டும். மறையவில்லை என்றால் எங்கோ கலப்பு இருக்கிறது. பிளெக்ஸுக்கு இந்தப் பாடெல்லாம் தேவையில்லை. அங்கே இயந்திரத்தோடு வரும் மென்பொருளே நிறத்தைப் பிரித்துக்கொள்ளும்.

படி 6: யார் நடத்துகிறார்கள், நாளைக்கும் இருக்குமா?

கடைசிப் பதிப்பு எப்போது வந்தது என்று பாருங்கள். இரண்டு மூன்று வருடமாக அசைவே இல்லையென்றால் தொழிலை அதன் மேல் வைக்காதீர்கள். பணம் எங்கிருந்து வருகிறது என்றும் பாருங்கள். பிளெண்டருக்கும் கிரிட்டாவுக்கும் பின்னால் அறக்கட்டளைகள் இருக்கின்றன.

நிறுவனம் மூடினால் மென்பொருள் என்னாகும் என்பதற்கு பிளெண்டரே சாட்சி. அதை நடத்திய கம்பெனி 2002இல் நொடித்தபோது, டான் ரூசென்டால் பொதுமக்களிடம் 1,00,000 யூரோ திரட்டினார். ஏழே வாரத்தில் பணம் சேர்ந்தது, மூலநிரல் ஜி.பி.எல். உரிமத்தில் வெளியானது. ஆடாசிட்டியை 2021இல் மியூஸ் குழுமம் எடுத்துக்கொண்டபோது, பயன்பாட்டுத் தகவல் சேகரிப்பு பற்றிய திட்டத்தால் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. பிடிக்காதவர்கள் அதே நிரலிலிருந்து டெனாசிட்டி என்ற கிளையைத் தொடங்கினார்கள். மூடிய மென்பொருளில் இந்த வாசல் கிடையாது.

மேகத்தில் (கிளவுட்) ஓடும் கருவிகளுக்கு இன்னொரு கேள்வி கூடுகிறது: படம் யாருடைய சர்வரில் இருக்கிறது? வெளிவராத சீசன் டிசைனை யாருக்கும் காட்டமாட்டேன் என்று பையரிடம் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். அதை உலாவியில் ஓடும் ஏதோ ஒரு தளத்தில் ஏற்றுவதற்கு முன் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். குழுவாகத் திரை வடிவமைப்பு செய்பவர்கள் பென்பாட் என்ற கட்டற்ற கருவியைச் சொந்த சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம்.

படி 7: ஒரே நாளில் மாறாதீர்கள்

சீசன் நேரத்தில் இதைத் தொடாதீர்கள். ஆர்டர் தணிந்திருக்கும் மாதத்தில், அவசரமில்லாத ஒரு விசிட்டிங் கார்டையோ காதுகுத்துப் பத்திரிகையையோ புதிய கருவியில் ஆரம்பம் முதல் அச்சு வரை கொண்டுபோங்கள். பழைய மென்பொருள் பக்கத்திலேயே இருக்கட்டும். கட்டற்ற கருவிகள் விண்டோஸிலேயே ஓடும். லினக்ஸுக்குப் போவது தனி முடிவு, இரண்டையும் ஒன்றாகச் செய்து குழம்ப வேண்டாம்.

இறக்கும்போது அந்தந்தத் திட்டத்தின் சொந்தத் தளத்தில் மட்டும் இறக்குங்கள். தேடுபொறியில் மேலே வரும் விளம்பரத்தைச் சொடுக்காதீர்கள். 2022இல் ஜிம்பின் பெயரில் போலி விளம்பரம் வைத்துத் தீநிரல் பரப்பியிருக்கிறார்கள்.

பழைய ஃபைல்களை மாற்றும் வேலையைச் சந்தா முடிவதற்கு முன்பே செய்ய வேண்டும். சி.டி.ஆர். ஃபைலை இங்க்ஸ்கேப்பும் லிப்ரே ஆபிஸ் டிராவும் திறக்கும். பழைய பேஜ்மேக்கர் ஃபைலை டிராவில் திறந்து பார்க்கலாம். ஆனால் எஃபெக்டுகளும் எழுத்து இடைவெளியும் அப்படியே வரும் என்று நம்பாதீர்கள். மூல மென்பொருள் உயிரோடு இருக்கும்போதே எஸ்.வி.ஜி., பி.டி.எஃப்., டிஃப் என மூன்றாக எடுத்து வைப்பதுதான் உறுதியானது. எல்லாவற்றையும் மாற்றத் தேவையில்லை. ரிப்பீட் வரும் வாடிக்கையாளர்களின் வேலை முதலில், லோகோக்கள் அடுத்து, மற்றவை கேட்கும்போது.

சில இடங்களில் மாறாமல் இருப்பதே சரி. உங்கள் பையர் அடோபி இல்லஸ்ட்ரேட்டர் ஃபைலில்தான் டெக் பேக் (ஆடையின் அளவும் விவரமும் உள்ள தாள்) கேட்கிறார், அதைத் திருத்தியும் அனுப்புகிறார் என்றால், அதற்கென ஒரு கணினியில் ஒரு சந்தாவை வைத்துக்கொண்டு மற்ற நான்கு கணினிகளை விடுவியுங்கள்.

சிக்கல் வந்தால் தமிழிலேயே படிக்கக் கணியம் மின்னிதழின் கட்டுரைகள் இருக்கின்றன. தமிழ் எழுத்து உடைவது போன்ற கோளாறு கண்டால் அந்தத் திட்டத்தின் பிழைப் பதிவுப் பக்கத்தில் எழுதுங்கள்: எந்தப் பதிப்பு, எந்த எழுத்துரு, உடையும் சொல் எது, ஒரு திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்), முடிந்தால் அந்த ஒரு சொல் மட்டும் உள்ள சிறிய ஃபைல். ஆங்கிலம் இரண்டு வரி போதும். “தமிழ் வரவில்லை” என்று மட்டும் எழுதினால் எங்கோ ஐரோப்பாவில் உட்கார்ந்திருக்கும் நிரலாளருக்கு எதைத் திருத்துவது என்று தெரியாது. உடையும் சொல்லையும் அது எப்படித் தெரிய வேண்டும் என்ற படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பினால் அவரால் வேலையைத் தொடங்க முடியும்.